ஓசி ரூம் கனவும் ஒரு பேங்க்காரனின் வயித்தெரிச்சலும்

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து நாலு மாசம் ஆச்சு. ஆணி அதிகம். வருடக் கடைசி, ஆடிட், அப்புறம் ஊருக்குப் போய்வந்தது. எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். போன வெள்ளிக்கிழமை ஒரு நண்பர் வீட்டு விருந்தில் நடந்த பேச்சு கையை அரிக்க வைத்துவிட்டது.

பிரியாணி முடிந்து சுலைமானி வந்த நேரம். நாலைந்து குடும்பங்கள். ஒருவர் செல்போனை நீட்டினார். "பாருங்க சார், மூணு லட்சத்துப் பதினேழாயிரம் பாயிண்ட். இனிமே ஊருக்குப் போனா எல்லாமே ஓசிதான்." கூடியிருந்தவர்கள் கண்ணில் அப்படி ஒரு மரியாதை. பக்கத்தில் இருந்தவர் எந்த கார்டு, எந்த ஓட்டல் என்று குறிப்பு எடுத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் தங்கமணி காலை மிதிப்பார். அதனால் இங்கே திறக்கிறேன்.

முதலில் அந்த "ஓசி" என்ற வார்த்தை. பி.காம் முதலாண்டில் உத்தமபாளையத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு என்பதுதான். இரட்டைப் பதிவில் ஓசி என்று ஒரு கணக்கே கிடையாது. உங்களுக்கு ஓசியாகத் தெரிவதை யாரோ எங்கோ எழுதி வைத்திருக்கிறார்கள். ஓட்டல் கம்பெனிகள் எப்படி எழுத வேண்டும் என்று உலகக் கணக்கு விதி 2007லேயே தனியாக வந்தது (ஐஃப்ரிக் 13). இப்போது அது ஐ.எஃப்.ஆர்.எஸ் 15க்குள் அடக்கம். நம்ம ஊரில் 2018 ஏப்ரல் முதல் இண்ட் ஏஎஸ் 115. சாரம் இதுதான்: நீங்கள் கட்டிய ரூம் வாடகையில் ஒரு பகுதியை வருமானமாகக் காட்டக்கூடாது, "பிறகு தரவேண்டியது" என்று கடன் பக்கத்தில் வைக்க வேண்டும். அதாவது புள்ளிக்கான காசை முதலிலேயே உங்களிடம் வாங்கிவிட்டார்கள்.

அதே விதியில் இன்னொரு சங்கதி உண்டு. எத்தனை பேர் கடைசி வரை புள்ளியைப் பயன்படுத்தவே மாட்டார்கள் என்று பழைய கணக்கை வைத்து மதிப்பிட்டு, அந்தப் பங்கையும் கம்பெனி வருமானமாக எடுத்துக்கொள்ளலாம். 'பிரேக்கேஜ்' என்பார்கள். நம்முடைய மறதியும் சோம்பலும் "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்"மும் அங்கே லாபம்.

சரி, கம்பெனி கடன்பட்டிருக்கிறது, நாம் கடன் கொடுத்தவர்கள். அப்படியானால் என்ன பாதுகாப்பு? என் தொழிலை வைத்தே சொல்கிறேன். இந்திய வங்கியில் டெபாசிட் போட்டால் 2020 பிப்ரவரி முதல் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. பத்து வருடம் கணக்கைத் தொடாமல் விட்டால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகும், ஆனால் அதற்குப் பிறகும் நீங்களோ வாரிசோ கேட்டு வாங்கலாம். 2025 நவம்பரில் இருந்து ஒரு கணக்குக்கு நாலு நாமினி வரை போடலாம். புள்ளிக்கு? மேரியட் போன்ஸ்வாயில் 24 மாதம் எந்த அசைவும் இல்லை என்றால் புள்ளி காலி. ஹில்டனிலும் அதே 24 மாதம். அக்கோரில் ஒரே வருடம். நாமினி என்று ஒரு கட்டமே படிவத்தில் கிடையாது. விதிமுறைகளைக் கடைசி வரை படித்தவர் எத்தனை பேர்? புள்ளி உறுப்பினரின் சொத்து அல்ல, அதற்குப் பண மதிப்பு இல்லை, திட்டத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்கிற பாணியில்தான் ஏறக்குறைய எல்லாத் திட்டங்களும் எழுதியிருக்கின்றன. நான் கடன் அதிகாரியாக உட்கார்ந்திருக்கும்போது இப்படி ஒரு பத்திரத்தை யாராவது நீட்டியிருந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பேன்.

மாற்றுவார்களா என்றால், மாற்றிக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஸ்டார்வுட் திட்டம் மேரியட்டோடு சேர்ந்தபோது, 2018 ஆகஸ்டில், பழைய 1 புள்ளிக்கு 3 புள்ளி கொடுத்தார்கள். ஆகா, மூன்று மடங்கு என்று எங்கள் அலுவலகத்தில் ஒருவர் இனிப்பு வாங்கி வந்தார்! ஒரு ரூபாயை மூன்றாகப் பிரித்துக் கொடுத்துவிட்டு விலையையும் மூன்றாலே பெருக்கினால் இனிப்புக்கு என்ன வேலை? அடுத்த பிப்ரவரியில் போன்ஸ்வாய் என்று பெயர் வைத்தார்கள். 2022 மார்ச்சில் எந்த ஓட்டலுக்கு எத்தனை புள்ளி என்ற பட்டியலையே எடுத்துவிட்டார்கள். ஹில்டன் 2017லேயே எடுத்தாச்சு. இப்போது ரூம் விலை ஏறினால் புள்ளி விலையும் ஏறும், இறங்கினால் கொஞ்சம் இறங்கும். பட்டியல் இருந்த காலத்தில் நாம் இலக்கு வைத்துச் சேர்க்கலாம். இன்று கோல்போஸ்ட் சக்கரத்தில் நிற்கிறது.

டாடா குழுமம் 2022ல் தாஜ் இன்னர் சர்க்கிளை நியூபாஸுக்குள் கொண்டுபோனது. அங்கே 1 நியூகாயின் 1 ரூபாய். அக்கோரிலும் 2,000 புள்ளி என்றால் 40 யூரோ என்று வெளிப்படை. சூதாட்டக் கவர்ச்சி இதில் இல்லை, அதனால் நம் ஆட்கள் இதைப் பற்றி விருந்தில் பீற்றிக்கொள்வதில்லை. எனக்கு இதுதான் நாணயமாகத் தெரிகிறது. நாலணா கொடுத்தாலும் நாலணா என்று சொல்லிக் கொடுக்கிறான்.

கணக்குக்கு வருவோம். புள்ளி சேர்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எத்தனை காசு என்று தெரியாமல் சேர்க்காதீர்கள் என்கிறேன். புள்ளியில் ரூம் எடுப்பதற்கு முன் அதே நாளுக்கு, அதே ரூமுக்கு, வரியோடு ரொக்க விலை பாருங்கள். கற்பனைக் கணக்கு ஒன்று: வாடகை 9,000 ரூபாய். 7,500க்கு மேல் என்பதால் ஜி.எஸ்.டி 18 சதவீதம், 1,620. மொத்தம் 10,620. புள்ளி 15,000 கேட்கிறான். வகுத்தால் ஒரு புள்ளிக்கு 70 காசு சொச்சம். இதோடு நிறுத்தக்கூடாது. ரொக்கமாகக் கட்டியிருந்தால் சுமார் 100 டாலருக்கு 1,000 புள்ளி வந்திருக்கும், அதை இழக்கிறீர்கள். அதன் மதிப்பு 700 ரூபாய் என்று கழித்தால் 9,920. இப்போது 66 காசு. இதுதான் உண்மையான விலை. அதே 15,000 புள்ளியை 6,000 ரூபாய் ரூமுக்குச் செலவழித்தால்? 2025 செப்டம்பர் 22க்குப் பிறகு 7,500 வரை வரி 5 சதவீதம்தான், மொத்தம் 6,300. வகுத்தால் 42 காசு. அங்கே ரொக்கம் கட்டிவிட்டு புள்ளியைப் பூட்டி வையுங்கள்.

(இடைச்செருகல்: இந்த 7,500 கோட்டைக் கவனியுங்கள். 7,400 ரூபாய் ரூமுக்கு வரியோடு 7,770. 7,600 ரூபாய் ரூமுக்கு 8,968. இருநூறு ரூபாய் வித்தியாசம் ஆயிரத்து இருநூறாகப் போகிறது. எந்தப் புள்ளியும் தராத லாபம் இது.)

மேரியட்டில் தொடர்ந்து ஐந்து இரவு புள்ளியில் எடுத்தால் நாலுக்குத்தான் கழிப்பார்கள். ஹில்டனில் சில்வர் முதல் மேல்நிலை உறுப்பினருக்கு இதே சலுகை. மேலே சொன்ன கணக்கில் 75,000க்குப் பதில் 60,000 போதும். வரியோடு ரொக்க விலை 53,100. ஒரு புள்ளிக்கு 88 காசு கிடைக்கிறது. மூன்று நாள் இங்கே, இரண்டு நாள் அங்கே என்று சிதறடிப்பவர்களுக்கு இது கிடையாது. ஹில்டனில் பதினோரு பேர் வரை புள்ளியை ஒன்றாகச் சேர்க்கலாம், செலவில்லை. அண்ணன் கணக்கில் 8,000, மச்சான் கணக்கில் 12,000 என்று தூங்குவதை எழுப்பி ஒரு ரூமாக்கலாம். ஏஜென்ட் வலைத்தளங்கள் மூலம் எடுத்தால் பொதுவாகப் புள்ளி வராது, ஓட்டலின் சொந்தத் தளத்தில்தான் எடுக்க வேண்டும். ஏஜென்ட்டுக்குக் கமிஷன் கொடுக்காமல் தப்பிப்பதற்குத்தானே இத்தனை புள்ளிக்கோலமும்.

இப்போது அதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். 9,000 செலவுக்கு 700 ரூபாய். எட்டு சதவீதம் கூட இல்லை! எங்கள் ஊர்ப்பக்கம், வண்டிப்பெரியாரில் இருந்து குமுளி பதினைந்து கிலோமீட்டருக்குள். அங்கே சுத்தமான ஹோம்ஸ்டேக்கு ஒரு குடும்பம் அந்த 9,000த்தில் மூன்று நாள் தங்கலாம், காலையில் புட்டும் கடலையும் அந்த வீட்டு அம்மாவே கொண்டுவந்து வைப்பார். எட்டு சதவீதத் தள்ளுபடிக்காக மூன்று மடங்கு விலை கொடுப்பவரை சிக்கனக்காரர் என்று நம் விருந்துகளில் பாராட்டுகிறோம். புள்ளி வரும் ஓட்டலைத் தேடிக் கொச்சியிலேயே மூன்று நாள் தங்கிவிட்டு, மலையேறி அம்மா அப்பாவைப் பார்க்க ஒன்றரை நாள் வரும் ஆட்களை நான் அறிவேன். ஒரு வருடம் நானும் அப்படித்தான் போனேன், மறைப்பானேன்.

அதைவிடக் கேவலம் ஒன்று செய்திருக்கிறேன். ஒரு டிசம்பர் கடைசியில் அடுத்த நிலைக்கு மூன்று இரவு குறைந்தது. சொந்த ஊரும் இல்லை, பயணமும் இல்லை, குடியிருக்கும் நகரத்திலேயே, வீட்டில் இருந்து பத்து கிலோமீட்டரில், பெட்டியோடு போய் மூன்று நாள் ரூம் போட்டேன். தங்கமணி வாசலில் நின்று, "என்னங்க, இந்த வீட்டுக்கு வாடகை கட்டிட்டு அங்க போய் வாடகைக்குத் தூங்கப் போறீங்களா?" என்று கேட்டார். பதில் இல்லை. அந்த நிலையால் கிடைத்தது என்ன? பெரிய ரூம், இருந்தால். மதியம் 2 மணி வரை தங்கல், இருந்தால். அந்த ஒரு வருடத்தில் நான்கு முறை கேட்டேன். ஒரு முறை இருந்தது.

கம்பெனி காசில் வாரம் நாலு நாள் வெளியூரில் தங்கும் கன்சல்டன்ட், ஆடிட்டர் தம்பிகளுக்கு இது வேறு கணக்கு. அவர்களுக்குப் புள்ளி உபரி, சேர்த்து அனுபவியுங்கள். ஒன்று மட்டும் கேட்பேன். 6,000க்கு நல்ல ரூம் இருக்க, உங்கள் புள்ளிக்காக முதலாளி காசில் 11,000க்குப் போட்டால் அதற்கு எங்கள் தொழிலில் கமிஷன் என்று பெயர். பர்ச்சேஸ்காரன் செய்தால் கோபப்படுகிறோமே.

என் தொழிலும் யோக்கியம் இல்லை. பேங்க்குகள்தான் இந்தப் புள்ளிகளை மொத்தமாக விலைக்கு வாங்கி கார்டோடு கட்டிக் கொடுக்கின்றன. நம்மூரில் எச்.டி.எஃப்.சி 2023ல் மேரியட்டோடு சேர்ந்து கார்டு விட்டது. உலக அளவில் எவ்வளவு பெரிய வியாபாரம் என்பதற்கு 2020 ஒரு சாட்சி. விமானமே பறக்காத காலத்தில் யுனைடெட் ஏர்லைன்ஸ் தன் மைலேஜ் திட்டத்தை அடமானம் வைத்துப் பல நூறு கோடி டாலர் கடன் வாங்கியது. விமானத்தைவிட நம் விசுவாசத்துக்கு அடமான மதிப்பு!

விசுவாசம் என்றதும்தான் எனக்கு அப்பா நினைவு வருகிறது. பெரியார் ஆற்றங்கரை எஸ்டேட்களில் ஒன்றில் பேக்டரி வேலை அவருக்கு, அம்மா கொழுந்து எடுத்தார். நாங்கள் வளர்ந்தது லயத்தில். 2000ஐ ஒட்டித் தேயிலை விலை விழுந்தபோது பீருமேடு தாலுகாவில் எத்தனையோ தோட்டங்கள் மூடின, எங்களுடையதும் மூடியது. முப்பத்தொரு வருட சர்வீஸ். கிராஜுவிட்டி சட்டம் 1972ல் வந்தது, வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்று தெளிவாகச் சொன்னது. நான் அப்போது பி.காம் முடித்த ஜோரில் லயத்துத் திண்ணையில் உட்கார்ந்து, கடைசிச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, 31ஆல் பெருக்கி, அப்பாவுக்கு வரவேண்டிய தொகையை அட்சரசுத்தமாக எழுதிக் கொடுத்தேன். பக்கத்து லயத்து மாமாக்கள் எல்லாரும் வந்து எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள். காகிதம் சரியாக இருந்தது. பணம் வருடக்கணக்கில் வரவில்லை, வந்தபோதும் முழுதாக வரவில்லை.

ஜெட் ஏர்வேஸ் கதையும் இதேதான். வளைகுடாவில் இருக்கும் நம்மில் பாதிப்பேர் அதில் மைலேஜ் சேர்த்தவர்கள். 2019 ஏப்ரல் 17ஆம் தேதி விமானம் நின்றது. மைலேஜ் திட்டம் தனிக் கம்பெனியாக இருந்ததால் அதே வருடம் இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு தொடர்ந்தது. பயணிகளின் மைல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊழியர்களோ பி.எஃப், கிராஜுவிட்டிக்காகத் தீர்ப்பாயம் தீர்ப்பாயமாக ஏறி, 2023 ஜனவரியில் உச்சநீதிமன்றம் வரை போய் வென்றார்கள். 2024 நவம்பரில் அதே நீதிமன்றம் கம்பெனியைக் கலைக்கச் சொன்னது. பைலட்டும் ஏர்ஹோஸ்டஸும் அங்கே கொடுத்தது முப்பது நாற்பது டாலர் விசுவாசம் அல்ல.

என் கதையை முடித்துவிடுகிறேன். இங்கே வந்த புதிதில் ஒரு திட்டத்தில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். அம்மா அப்பாவைக் குமரகத்தில் காயல் ஓரம் ஒரு ஓட்டலில் இரண்டு நாள் தங்கவைக்க வேண்டும் என்பது திட்டம். ரூம் ஒன்றுக்கு ஓர் இரவு 35,000 புள்ளி. அவர்களுக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று, இரண்டு இரவு, ஆக மொத்தம் 1,40,000. என்னிடம் 1,20,000 இருந்தது. மீதி 20,000க்கு ரொக்கம் கட்டிக் கூட்டிப்போயிருக்கலாம், கஞ்சத்தனம் விடவில்லை. அடுத்த லீவுக்குள் 1,45,000 ஆக்கிவிட்டேன். திறந்து பார்த்தால் ஒரு இரவு 52,000, சில நாளில் 60,000. அப்பாவிடம் போனில் விளக்கினேன், இப்படி இப்படி, கம்பெனி விலையை மாற்றிவிட்டது, இன்னும் ஒரு வருடம் பொறுங்கள் என்று. அவர் நிதானமாகக் கேட்டார்.

"பணம் உன் கையில இருக்கா, கம்பெனி நோட்டுல இருக்கா?"

"கம்பெனி கணக்குலதாம்ப்பா."

"அப்ப வராதுடா தம்பி. விடு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்த வருடமே முட்டிவலி அதிகமாகி வளைவுப் பாதையில் வண்டி ஏறவே அஞ்சினார். அப்புறம் ஒரு மழைக்காலத்தில் போய்விட்டார். குமரகம் எங்கள் ஊரில் இருந்து மலையிறங்கிக் கோட்டயம் தாண்டினால் வந்துவிடும். அந்த 20,000 புள்ளிக்கு ஈடான காசு அன்றைக்கு என் ஒரு மாத இன்டர்நெட், போன் பில்லைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

அதனால்தான் மூன்று லட்சத்துப் பதினேழாயிரம் என்று ஒருவர் போனை நீட்டும்போது எனக்கு வயிறு எரிகிறது. அண்ணே, அது சேமிப்பு இல்லை. வட்டியில்லாத, பத்திரமில்லாத, வாய்தா மட்டும் உள்ள கடன், நீங்கள் கொடுத்தது. டெபாசிட்டை வைத்திருந்தால் வளரும், இதை வைத்திருந்தால் தேயும். யாருக்காகச் சேர்க்கிறீர்களோ அவர்களுக்கு வயது ஏறிக்கொண்டிருக்கிறது. இந்த லீவிலேயே எடுங்கள், குறைகிற புள்ளிக்குக் கையில் இருந்து போடுங்கள். 66 காசு வரும் இடத்தில் 60 காசுதான் வந்தது என்று நானும் உங்களோடு சண்டைக்கு வரமாட்டேன்.

இந்த முறை அம்மாவுக்கு மதுரை அரவிந்தில் கண்புரை ஆபரேஷன். எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கண் என்றால் மதுரைதான், கம்பம் வழியாக இறங்கிவிடுவோம். முன்னும் பின்னுமாக ஐந்து நாள் தங்க வேண்டியிருந்தது. நாலு இரவுப் புள்ளியில் ஐந்து இரவு, 60,000 போனது. ரொக்கமாக என்றால் 38,000 ரூபாய் சுமாருக்கு வந்திருக்கும், அதாவது புள்ளிக்கு 63 காசு. அம்மா பச்சைத் துணி கட்டிய கண்ணோடு கட்டிலில் உட்கார்ந்து மற்றொரு கண்ணால் ரூமைச் சுற்றிப் பார்த்தார்.

"எவ்வளவுப்பா இது?"

"காசு இல்லம்மா. புள்ளி."

"புள்ளியா? அதான் ரெண்டு பேருக்கு ஏழு தலகாணி வச்சிருக்கானா. ஒண்ண எடுத்து என் கால்கிட்ட வை."

மீதி 85,000 இருக்கிறது. மே மாதம் குழந்தைகளுக்கு லீவு. அம்மாவையும் கூட்டிக்கொண்டு குமரகம், புள்ளி தீர்கிற வரைக்கும், அதற்குமேல் ரொக்கம். புக்கிங் நேற்றே முடிந்துவிட்டது.

டிஸ்கி: விருந்து கொடுத்த நண்பர் இதைப் படிப்பார் என்று தெரியும். பிரியாணி அருமை. புள்ளியை எடுத்துச் செலவழிங்க பாஸ் :)